அடைக்கலமேரி கலைக்காத பெயர்

ராயபுரம் அச்சகத்தில் நான் பிழை திருத்திவந்த இத்தனை வருடங்களும், அச்சுக்கோக்கும் அடைக்கலமேரி அக்காவிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்தேன். மரண அறிவிப்பு அச்சாகி முடிந்ததும், வேறு வேலையைத் தொடாமல், இறந்தவரின் பெயரிலுள்ள ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்.

"இன்னாக்கா அவ்ளோ அவசரம்?" என்றேன் ஒருமுறை.

"பேரக் கலைக்காட்டி ஆளு போவாது, பீ.ஏ. இங்கியே சுத்திக்கினு கெடக்கும்."

"பீ.ஏ. படிச்சவன் இத நம்புவனா?"

"நம்பாத போ. உன் பேரயும் நானே கலைச்சுடறேன்."

சென்ற மாதம் அக்கா இறந்தார். மரண அறிவிப்பு அச்சானதும் அவர் பெயரை நான்தான் கலைத்தேன். எழுத்துகளைப் போடும்போது பெட்டியின் அடியில், நூலால் கட்டிய ஒரு பெயர் கிடைத்தது: ஸ்டானிஸ்லாஸ். அறுபத்தாறாம் வருடம் துறைமுகத்தில் கடலில் விழுந்து இறந்த அக்காவின் கணவர். எல்லோரையும் அனுப்பிய அக்கா, இவரை மட்டும் அனுப்பவில்லை.

எழுத்துகள் நனைந்திருந்தன. துடைத்து வைத்தேன். மறுநாளும் நனைந்திருந்தன. விரலை நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது.

நம்பாத நான் நூலை அவிழ்க்க ஏன் தயங்குகிறேன்? அக்கா வேண்டுமென்றே வைத்துக்கொண்டவரை அனுப்ப நான் யார்? கணவருக்கு அவர் தர வேண்டிய விடுதலை இன்னும் கடனாகவே, ஈரமாகவே கிடக்கிறது.