மடையைத் திறக்கச் சொன்னவன்

அறுபதுகளின் பிற்பகுதியில், ஒக்கூர்ப் பக்கம் நடந்தது இது. பர்மாவிலிருந்து அகதிகளாகக் கப்பலேறி வந்த சில குடும்பங்கள் சேர்ந்து அங்கே ஒரு கூட்டுறவுப் பண்ணையூரை உருவாக்கியிருந்தோம். நிலம், மாடு, கிணறு எல்லாமே பொது. உழைப்புக்கு ஏற்ப நெல்லைப் பங்கிட்டுக்கொள்வோம். ரங்கூனில் கல்லூரி வரை படித்தவன் என்பதால் என்னைத் தலைவராக்கியிருந்தார்கள்.

முதல் நடவு முடிந்ததும் நல்ல மழை. வயல்கள் தளும்பின. பர்மாவில் மழைக்காலம் என்றால் ஓயாமல் பெய்யும். பயிர் மூழ்காமல் தண்ணீரை வெளியேற்றுவதுதான் அங்கே பெரிய வேலை. அந்தப் பழக்கத்தில், தண்ணீர் பார்க்கும் பொறுப்பில் இருந்தவரிடம் மடைகளைத் திறந்துவிடச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"இங்கன அடுத்த மழை எப்பன்னு தெரியலையேண்ணே. ரெண்டு நாள் பொறுப்பமா?"

நாற்று அழுகிவிடும் என்று அதட்டினேன். திறந்துவிட்டார். தண்ணீரெல்லாம் ஓடையில் இறங்கிப் போயிற்று.

அதன்பிறகு மழையே இல்லை. கிணறு கைகொடுக்கவில்லை. பயிர் கருகியது.

கூட்டம் கூடியது. மடையைத் திறந்தது யார் என்று கேட்டார்கள். தான்தான் என்றார் அவர்.

"பர்மாவுல வீடு வாசலை விட்டுட்டு வந்தோம். இங்கன வந்து தண்ணியையும் விட்டுட்டீகளே" என்றாள் ஒரு பெண். சிலர் சிரித்தார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் பேசவில்லை. என்மேல் நம்பிக்கை போனால் பண்ணையே கலைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரைப் பண்ணையிலிருந்தே நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்ததும் நான்தான். முதலில் தூக்கியதும் நான்தான்.

மறுநாள் மனைவி, பிள்ளைகளோடு கிளம்பியவர், பண்ணை மண்வெட்டியை ஒப்படைக்க என் வீட்டுக்கு வந்தார். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களும் போயிட்டீகன்னா பண்ணையை யாருண்ணே பாப்பாக?"

நான் சாக்காக நினைத்ததை அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். அப்போதும் அவரைத் தடுத்து நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கே போனார் என்று பிறகு தெரியவே இல்லை.

எழுபதுகளில் பண்ணை கலைந்து, நிலத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு குடும்பம் குறைந்திருந்ததால் எல்லோர் பங்கும் சற்றுக் கூடியிருந்தது. என் வயலில் அறுப்பு நடக்கும்போதெல்லாம், இதில் எந்தப் பகுதி அவருடையது என்றுதான் இன்றும் கண் தேடுகிறது.