விழுந்து காட்டும் பத்திநாதர்

சனிக்கிழமை பின்னேரங்களில் பத்திநாதர் வீடியோ கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றவிட்டு, அது நிற்கும்வரை பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார். பிறகு ஊன்றுதடியை எடுத்து, மெல்ல நடந்துவந்து கதிரையில் அமர்வார். அதற்குள் படம் தொடங்கிவிடும். அவருக்கு அவசரமில்லை. ஒவ்வொரு அடியும் மனப்பாடம்.

அது பழைய கார்ட்டூன். எங்கள் தகப்பன்மார் சிறுவர்களாயிருந்த காலத்தில் வரைந்ததாயிருக்க வேண்டும். பாதி கட்டிய மாடிவீடு ஒன்றுக்குள் ஒரு கொழுத்த நாய் ஒரு வாத்தைத் துரத்துகிறது. பலகை முகத்தில் அடிக்கிறது. சுண்ணாம்பு வாளி தலையில் கவிழ்கிறது. கடைசியில் நாய் சுவரைத் தாண்டி வெறும் காற்றில் நடக்கிறது. கீழே பார்த்த பிறகுதான் விழுகிறது. விழுமுன் பார்ப்பவர்களுக்கு ஒருமுறை கை காட்டும். பப்படம்போல் தட்டையாகிக் கிடந்து, எழுந்து உதறிக்கொண்டு மறுபடியும் ஓடும். ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

“கதை பேச்சு இல்லாத படமெண்டபடியால்தான் எங்களுக்கு விளங்கினது” என்பார் பத்திநாதர். நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் அவரும் மனைவி சிசிலியும் குடியிருக்கிறார்கள். இருவரும் மன்னார்ப் பக்கம். பிள்ளைகள் இல்லை. இந்த நகரத்து வழக்கப்படி ஜூலை முதலாந் தேதி ஊரே வீடு மாறும்போது தெருவோரம் எறிந்துவிட்டுப் போகும் சாமான்களுக்குள் இந்தக் கசற்றைக் கண்டெடுத்தாராம். அப்போது சிசிலி வந்து சேர்ந்து சில மாதங்கள்தான். இந்தியாவுக்குத் தப்பிப் போகும்போது படகில் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். சமைப்பாள், கோயிலுக்குப் போவாள், கேட்டால் பதில் சொல்வாள். சிரித்ததை அவர் கண்டதில்லை.

அந்த நாய் விழுந்தபோது சிசிலி சிரித்துவிட்டாள். முதலில் சத்தமில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு விக்கல்போல ஒரு சிரிப்பு. பத்திநாதர் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் குசினியில் இல்லாத வாழைப்பழத்தோலில் வழுக்கினார். அன்றிலிருந்து விழுவதே அவர் வேலையாயிற்று. கதவில் மோதுவார். கதிரை இருக்கிறதென்று நினைத்தவர்போல் தரையில் குந்துவார். நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலில் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து தள்ளாடி, சுவாமியாரின் மடியில் விழப்போய் விழாமல் நிமிர்ந்ததை எங்கள் பங்குக் கோயிலில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஜான்-டலோன் சந்தைக் கடையொன்றில் காய்கறிப் பெட்டி சுமக்கும் உடம்பு, இடுப்பு நாரி எப்படியும் வளையும். காலையில் வேலைக்குப் போகையில் வெளிப்படிக்கட்டின் மேல்படியில் நின்று, இரண்டு கையையும் காற்றாடிபோல் சுற்றி வழுக்குவதாக நடிப்பார். சிசிலி யன்னலில் நின்று சிரிப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தை மாதம். உறைந்து கிடந்த இரும்புப்படியைப் புதுப்பனி மூடியிருந்தது. அன்று அவர் நடிக்கவில்லை. மேல்படியிலேயே கால் வழுக்கிவிட்டது. வளைந்து இறங்கும் அந்தப் படிக்கட்டு முழுவதும் உருண்டு, கீழே மல்லாந்து கிடந்தார். எழும்ப முடியவில்லை. யன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சிசிலி கண்ணாடிக்குப் பின்னால் நின்று கைதட்டிச் சிரித்தாள். பிறகு திரையை இழுத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவர் ஓடிவந்து அழைப்புமணியை அடித்தபோது அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்திருந்தாள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தகடு வைத்தார்கள். சுமை தூக்கும் வேலை போயிற்று. இப்போது அதே கடையின் பின்னறையில் இருந்தபடி வெங்காயத்தாள் கட்டுகிறார். சிசிலி ஒருநாள் என் மனைவியிடம் மட்டும் வாய் திறந்தாள். “அவர் என்னைத்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டவர். நான் அங்காலை நிண்டு சிரிச்சனான்.” அதற்குமேல் அதைப்பற்றி அவள் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை.

பத்திநாதரின் மனக்குறை வேறு. ஒருமுறை அவரை வைத்தியரிடம் கூட்டிப்போய் வரும்போது, மெட்ரோவில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “இடுப்பு போனது போகட்டும் தம்பி. எது மெய், எது பகிடி எண்டு அவளுக்குத் தெரியாமப் பண்ணினது நான்தானே. அவளிலை என்ன பிழை?” அதை அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். அவள் எழும்பிப்போய் உடுப்பு மடித்தாளாம்.

அதனால்தான் சனிக்கிழமைகளில் கசற் ஓடுகிறது. சிசிலி பக்கத்தில் இருந்து கீரை ஆய்வாள். நாய் சுவரின் விளிம்புக்கு வரும்போது மட்டும் குனிந்து, ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்வாள். பத்திநாதர் கடைக்கண்ணால் பார்ப்பார். படம் முடியும். “சரி, பேந்து அடுத்த சனி பாப்பம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

போன கிழமை நானும் அங்கே இருந்தேன். எனக்குத் தேத்தண்ணி எடுக்கவென்று, வேண்டாமென்று நான் சொல்லியும் கேளாமல், தடியில்லாமல் எழும்பினார். கம்பள விளிம்பில் கால் இடறிற்று. அந்தப் பழுதான கால் மடங்க, மேசையைப் பிடித்தும் நிற்க முடியாமல் கீழே போனார். மேசையிலிருந்த அவருடைய கோப்பை கவிழ்ந்து சட்டையெல்லாம் தேத்தண்ணி. சிசிலியின் மடியிலிருந்த கீரை சிதற, அவள் பதறி எழுந்து நின்றாள்.

பத்திநாதர் காலை விரித்துத் தரையில் இருந்தார். ஒரு கையைக் காற்றாடிபோல் சுற்றினார். கண்ணை உருட்டினார்.

“நடிப்புத்தான், சிசிலி.”

அவள் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. விக்கல் வந்தது. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

நான் இருந்த பக்கத்திலிருந்து அவருடைய மற்றக் கை தெரிந்தது. மேசைக்காலை இறுக்கியிருந்த விரல்கள் வெளிறிப்போயிருந்தன. தூக்கிவிட எழும்பினேன். அவர் சிரித்த முகத்தோடே என்னைப் பார்த்து, சிசிலி காணாதபடி, வேண்டாமென்று தலையை மெல்ல அசைத்தார்.