லட்டு யார் வீட்டில் சாப்பிட்டான்?

பூனைக்குப் பல் வலி வரும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு மாதம் முன்புவரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்ததால் தெளிவு வந்துவிட்டதா என்றால்... இல்லை.

செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் ஒரு வெள்ளைப் பூனை உண்டு. முதல் மாடியில், எங்கள் வீட்டில், அவன் பெயர் லட்டு. கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு அவன் சாம். அக்கா ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசி. காலையில் எங்களிடம் சாப்பாடு, மாலையில் அவரிடம் — இது லட்டுவே செய்துகொண்ட ஏற்பாடு. ஏழு வருடமாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

திடீரென்று ஒருநாள் முதல் எங்கள் வீட்டுக் கிண்ணம் காலியாகவில்லை. வருவான். கிண்ணத்தின் முன் உட்காருவான். ஒரு வாய் வைப்பான். அவ்வளவுதான் — கிண்ணமே அவனைக் கடித்துவிட்டதைப் போலச் சீறிவிட்டு ஓடிவிடுவான்.

எனக்கு உடனே என்ன வந்தது தெரியுமா? பொறாமை! கீழே மீன் கிடைக்கிறது, நாம் போடும் உருண்டைத் தீனி துரைக்கு இறங்கவில்லை. பிராண்டை மாற்றினேன். கிண்ணத்தை மாற்றினேன். கிண்ணம் இருந்த இடத்தையும் மாற்றினேன். ம்ஹூம். “போ, அங்கேயே போய்க் கொட்டிக்கோ” என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது என் மகள். ஆறாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். லட்டுவை மடியில் போட்டுக் கொஞ்சியவள் முகத்தைச் சுளித்தாள். “வீடி நோரு கம்பும்மா!” அவன் வாய் நாறுகிறதாம்.

“பூனைன்னா நாறத்தான் செய்யும்” என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? தெரியாது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால், தாடையெல்லாம் எச்சில். முதுகைத் தடவினேன்... கையில் எலும்பு தட்டியது.

அவனைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கொஞ்சம் கோபமாகத்தான் போனேன்.

“என்னக்கா குடுக்கறீங்க இவனுக்கு?”

“நானா? பத்து நாளா அவன் என் வீட்ல வாயே வைக்கலியேம்மா. உன் வீட்ல தின்னுட்டு வர்றான்னு நெனச்சேன்.”

“நான் உங்க வீட்லன்னு நெனச்சேன்க்கா.”

“ஹவ்வா? அப்படியா?” என்றார் அக்கா. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நீ ஏதோ ஒசந்த சாப்பாடு போடுறேன்னு எனக்கு மனசு கஷ்டம். அதான் கேக்கல.”

ஆபீஸில் ஒரு மெயிலை இரண்டு பேருக்கு அனுப்பினால் யாருமே பதில் போடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இங்கே அந்த மெயிலுக்கு நான்கு கால் இருந்தது. பட்டினி கிடந்தது.

போலாரம் பக்கம் ஒரு கால்நடை டாக்டர் அம்மாவிடம் ஓடினோம். “பேரு?” என்றார். “லட்டு” என்றேன் நான். “சாம்” என்றார் அக்கா, அதே நொடியில். டாக்டர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு லட்டுவின் உதட்டை மெல்லத் தூக்கினார். கடைவாயில் ஈறு மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. ஒரு பல் பாதியைக் காணோம்.

தெலுங்கும் இங்கிலீஷுமாக அவர் சொன்னதன் சுருக்கம் இது: பல் தானாகவே கரைந்துகொண்டிருக்கிறது. கடித்தால் உயிர் போகும் வலி. பூனை அதை வெளியே காட்டாது. மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, கெட்ட பற்களைப் பிடுங்க வேண்டும்.

“மயக்க மருந்தா? நக்கோம்மா, வேண்டாம்!” அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்திரிக்காமலே போயிட்டா?”

ரத்தம் டெஸ்ட் செய்துவிட்டுத்தான் கொடுப்போம், ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். நேர்மையான பதில்.

“பல்லைப் புடுங்கிட்டா எப்படி சாப்பிடுவான்?” என்று கேட்டேன்.

“இப்போ பல்லை வச்சுக்கிட்டு என்ன சாப்பிட்டான்?”

சம்மதப் படிவத்தில் ‘உரிமையாளர் கையெழுத்து’ என்று ஒரே ஒரு கோடு. “நீ போடு.” “நீங்க போடுங்கக்கா.” பேனா இரண்டு தடவை கைமாறியது. கடைசியில் அந்த ஒரே கோட்டில் இரண்டு பேரும் போட்டோம்.

வெளியே பெஞ்சில் அக்கா ஜெபமாலையை உருட்டினார். பூனைகளுக்கு எந்தச் சாமி பொறுப்பு என்று தெரியாமல் நான் எல்லோரையும் கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம். நாக்கு வெளியே தொங்க, கண் சொருகி, டவலில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்று பல் போயிருந்தது. அக்கா “சாம்” என்றார். காது அசைந்தது. நான் “லட்டு” என்றேன். அப்போதும் அசைந்தது.

நான்காம் நாள் காலை, மசித்த கோழியை நக்கி நக்கிக் கிண்ணத்தைக் காலி செய்தான். அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா... கிண்ணம் காலி!” என்றேன். அவர் ஓடி வந்தேவிட்டார்.

இப்போது புண் ஆறிவிட்டது. மிச்சப் பற்களுக்குத் தினமும் பிரஷ் செய்ய வேண்டுமாம். நம்முடைய பேஸ்ட் கூடவே கூடாது. பூனை துப்பாது, விழுங்கிவிடும். அவனுக்கென்று கோழி வாசனையில் தனிப் பேஸ்ட். நான் பிடித்துக்கொள்கிறேன், அக்கா தேய்க்கிறார், லட்டு பிரஷ்ஷைத் தின்கிறான். இது பல் தேய்ப்பதா, டிபனா?

“தேய்ச்சா இந்தக் கரையற நோய் திரும்ப வராதுல்ல?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“ஈறுக்கு நல்லது. ஆனா இது வராதுன்னு சொல்ல முடியாது.”

“அப்ப எதுக்கு டாக்டர் தினமும்?”

“அந்தச் சாக்குலயாவது தினமும் வாய்க்குள்ள பார்ப்பீங்கல்ல?”

என் எல்லாக் குழப்பத்துக்கும் நடுவே புரிந்தது இது ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் பூனை இருந்தால், இன்றைக்கே அதன் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

கீறத்தான் செய்யும். கீறல் ஆறிவிடும்.