அண்டா ஓட்டை

நேற்று ஊட்டி பஸ்ஸில் ஈரக் கம்பளி வாடை அடித்ததும், குந்தா அணைக்குக் கீழே நான் சிறுவயதில் பார்த்த, இப்போது இல்லாமல் போன ராவுத்தர் டீக்கடைக்குள் நினைவில் போய்விட்டேன். ஈரக் கம்பளியோடு மழைக்கு ஒதுங்கிய அணை வேலையாட்கள் அடுப்பைச் சுற்றி நின்று, எலெக்‌ஷனையும் அரிசி விலையையும் அடுத்த வீட்டு மருமகளையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். ஒருநாள் ராவுத்தர் “அண்டா ஓட்டையாயிருச்சுங்க” என்று அலுத்துக்கொண்டது, தகரக் கூரை இரைச்சலில் கடைசி பெஞ்சுக்கு “அணை ஓட்டையாயிருச்சுங்க” என்று போய்ச் சேர்ந்தது. அணைக்குக் கீழே இருந்த எங்கள் காலனியே மேட்டுக்கு ஓடியது. அம்மா ஒரு கையில் என்னையும் மறுகையில் மாவுச் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். உச்சியில் எங்களுக்கு முன்பே ராவுத்தர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க ராவுத்தரே, அணை ஓட்டைன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார் அப்பா.

“நானுங்களா? நான் டீ அண்டாவைத்தானுங்க சொன்னேன்! ஊரே ஓடுதேன்னு நானும் ஓடியாந்துட்டேனுங்க.”