உச்சி மூடாத குல்லா

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. நான் இருப்பது திருவொற்றியூரில். என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர் வேலை. கப்பல் ஏறினால் திரும்பி வர முக்கால் வருஷம் ஆகும். அந்த முறை மாற்று ஆள் கிடைக்காமல் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டே போனது.

குளிர் தேசங்களுக்குப் போனால் காது விறைத்துவிடுகிறது, கப்பலில் கொடுத்த குல்லா தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் போனில் புலம்பினார். அவருக்குத் தலை பெரிசு. ஹெல்மெட் வாங்கவே நாலு கடை ஏறி இறங்கியவர்கள் நாங்கள். நானே பின்னித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பின்னத் தெரியுமா என்றால், தெரியாது. போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு ஊசிகளை ஒரு மெல்லிய வயர் சேர்த்திருக்கும். அதில் தையலே இல்லாமல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகலாம். அளவுக்கு அவர் தலை வேண்டுமே? அவருடைய ஹெல்மெட்டுக்குள் கயிறு விட்டு அளந்தேன். உள்ளே இன்னும் அவர் எண்ணெய் வாசனை இருந்தது. அளந்த பிறகும் அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊரில் கம்பளி நூலோடு உட்கார்ந்தால் யார் சும்மா விடுவார்கள்? எதிர் வீட்டு அக்கா தினமும் வாசலில் நின்று கேட்பார். "இன்னாமே, இந்த வேக்காட்டுல கம்பளி பின்னிக்கினு கீற? மூளை கீளை உருகிடப் போவுது."

அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது. நிலக்கரி ஏற்றிக்கொண்டு அவருடைய கப்பல் எண்ணூருக்கே வருகிறது. கரையில் கட்டியதும் ஒரு நாளாவது வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குல்லாவை என் கையாலேயே அவர் தலையில் மாட்டிவிட வேண்டும் என்ற ஒரே ஆசைதான். ஆனால் நாலு விரல்கடை பின்னிய பிறகுதான் கவனித்தேன், முதல் வரிசையை வட்டமாகச் சேர்க்கும்போதே அது ஒரு முறை முறுக்கிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பின்னுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பாம். வேறு வழியில்லை, முழுவதையும் பிரித்தாக வேண்டும். அழுதுகொண்டே பிரித்தேன்.

கப்பல் வந்தது. ஆனால் துறைமுகத்துக்குள்ளே இடம் காலியில்லை என்று வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டது. சாயங்காலம் கடலோரம் கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு ஓடினேன். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன. போனில் அவர் சொன்னார். "வடக்கால இருந்து மூணாவதா நிக்குது பாரு, அதான் நம்மள்து. நான் டெக்குல கீறேன்."

"நான் தெரியறனா?"

"நல்லா தெரியுதே. பச்சப் பொடவையில சூப்பரா கீற."

நான் சிவப்புச் சுடிதாரில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் புளுகு மூட்டையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடியவில்லையே என்று இருந்தது. அத்தனை மாதமும் தாங்கிய எனக்கு, கண்ணெதிரே கப்பல் நிற்கும்போது தாங்க முடியவில்லை.

இப்படியே தினமும் கல் மேல் உட்கார்ந்து அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டே பின்னினேன். இன்றைக்கு உள்ளே வரும், நாளைக்கு வரும் என்றார்கள். ஒரு நாள் காலையில், "வேற ஊருக்குப் போவச் சொல்லி உத்தரவு வந்துடுச்சுமே, மத்தியானம் கெளம்புறோம்" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். கப்பலுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாஞ்ச் படகில் அவருடைய தோஸ்து ஒருவர் வேலை செய்கிறார். ராயபுரத்தில் துறைமுக கேட்டுக்கு வெளியே நின்று அவர் குல்லாவை வாங்கிக்கொள்வார்.

ஆட்டோ பிடித்தேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருக்க, மடியில் வைத்துப் பின்னிக்கொண்டே போனேன். காது மூடும் அளவுக்கு வந்துவிட்டது. உச்சியைக் குறுக்கி மூடுவதுதான் பாக்கி. கேட்டில் நின்ற தோஸ்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "அண்ணி, லாஞ்ச் கெளம்பிக்கினு கீது. சீக்கிரம்."

ஊசியில் கிடந்த கண்ணிகளை அப்படியே விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும். நூலை நீளமாக விட்டு வெட்டி, கோணி ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணி வழியாகவும் இழுத்தேன். சுருக்குப் பையில் கயிறு கோப்பது மாதிரிதான். கோத்து முடித்ததும் பின்னல் ஊசியை உருவிவிட்டு, மேலே திறந்தபடியே கொடுத்தேன்.

தோஸ்து உள்ளே கை விட்டுப் பார்த்தார். "இன்னா அண்ணி, மேல ஓட்டையா கீது?"

"அவரு தலையில போட்டுக்கினு, அந்த நூல இழுத்து அளவு பார்த்து, முடிச்சுப் போட்டுக்கச் சொல்லுங்கண்ணா. முடிச்சு உள்பக்கம் இருக்கணும்."

மத்தியானம் மறுபடி கல் மேல் போய் நின்றேன். போன் அடித்தது.

"இழுத்து முடிச்சுப் போட்டுட்டேன். காது சுடுதுமே" என்றார். பிறகு, "இரு, போட்டோ அனுப்புறேன்" என்றார்.

ஏனோ தெரியவில்லை, எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், போட்டோல்லாம் வேணாம். தலையோட வந்து காட்டு" என்றேன். அவர் சிரித்தது பாதியிலேயே அறுந்தது. கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது, சிக்னல் போய்விட்டது.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்தார். குல்லா வரவில்லை. எங்கேயோ ஒரு குளிர் துறைமுகத்தில், வெறுந்தலையோடு நடுங்கிய புது ஆளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். பயந்துகொண்டேதான் சொன்னார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இப்போது மறுபடி கப்பலில் இருக்கிறார். கல் மேல் போய் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் கை வைத்து முழுசாகச் செய்த பொருள் அது ஒன்றுதான், முடித்த பிறகு அது எப்படி இருந்தது என்று நான் இன்று வரை பார்த்ததே இல்லை.