கேஸ் அடிச்ச மாதிரி கீது

புதினா வாசனை என்றால் மற்றவர்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எனக்கு அப்பாவின் மீசை.

நரைத்த மீசையின் ஓரத்தில் பிங்க் நிறத்தில் ஒரு கோடு காய்ந்து போயிருந்தது... வயிற்று எரிச்சலுக்குக் கொடுப்பார்களே, அந்த சிரப். குனிந்து முகத்தைத் தொட்டபோது அந்த மருந்தின் புதினா வாசனைதான் முதலில் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

கேஜிஎஃப்-காரர்கள் தலைப்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்பா அங்கே ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளி. கீழே வெடி வைத்த பிறகு புகை முழுசாக வெளியேறுவதற்குள் உள்ளே போனால் நெஞ்சை அடைக்கும், தலை சுற்றும், வியர்த்துக் கொட்டும். அதற்குப் பேர்தான் கேஸ் அடிக்கிறது. நான் ஸ்கூல் படிக்கும்போது ஒருநாள், கூட வேலை செய்பவர்கள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாசலில் உட்கார வைத்தார்கள். சட்டையைத் திறந்துவிட்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணும் இல்ல கண்ணு... கேஸ் அடிச்சிடுச்சி."

எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது.

மைன்ஸ் மூடிப் பல வருஷம் கழித்து எனக்கு பெங்களூரில் ஒரு காலேஜில் ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. 'இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷன்'... சொல்லி முடிப்பதற்குள் தினமும் நான் போகிற ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டிவிடும். டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட் எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்துப் படிக்க வைத்தால், பிறகு ஆஸ்பத்திரியிலும் சேர்ந்து வேலை செய்வார்களா என்று ஆராய்கிற வேலை.

அப்பாவுக்கு அது பெரிய தமாஷ்.

"டாக்டரும் நர்ஸும் பேசிக்கிறாங்களான்னு பாக்கறதுக்கு ஒரு சம்பளமா? இன்னாடி வேல அது! சுரங்கத்துல எறங்குற எங்க கேஜ்ல பெல் அடிக்கிறவனும் உள்ள நிக்கிறவனும் பேசிக்கலைன்னா அன்னிக்கே பொணம்தான்."

நானும் சிரித்தேன்.

அன்று நான் வழக்கம் போல காலை ரயிலில் போய்விட்டேன். நான் போன பிறகு அவருக்கு நெஞ்சில் ஏதோ செய்திருக்கிறது. அம்மாவோடு பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கிறார். அங்கே நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இன்னா செய்யுது தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள் நர்ஸ்.

"கேஸ் அடிச்ச மாதிரி கீதும்மா."

சீட்டில் 'கேஸ்' என்று எழுதி உள்ளே அனுப்பிவிட்டாள். அவர் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்தாளாம். வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வடகர்நாடகத்துப் பையன், தமிழ் அரைகுறை. சீட்டைப் பார்த்தார். "கேஸ் ஆகித்யா?" வாயுத் தொல்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

அப்பாவுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். "ஹௌது சார்... கேஸே."

அவ்வளவுதான். சிரப் எழுதிவிட்டார்.

மருந்து வாங்கப் போன இடத்தில் அம்மா தானாகவே சொல்லியிருக்கிறார், "எடது கை வேற மரத்து மரத்துப் போவுதுன்றாரு." ஃபார்மசிஸ்ட் நல்ல மனுஷர். கைக்குத் தேய்க்க ஒரு தைலமும் சேர்த்துக் கொடுத்தார்.

வியர்வை ஒருத்தியிடம், கேஸ் ஒருத்தரிடம், இடது கை இன்னொருத்தரிடம். மூன்று பேருமே கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறார்கள். அப்பா மட்டும் வீட்டுக்கு வந்து, சிரப் குடித்து, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார். எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பேட்டியை டைப் செய்துகொண்டிருந்தேன். 'எங்கள் டீமில் எல்லாரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வோம்' என்று யாரோ ஒரு பெரிய டாக்டர் சொல்லிக்கொண்டே போகிறார்... பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது அப்போதுதான்.

காரியம் முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்த டாக்டர் எழுந்து நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. தமிழைத் தேடித் தேடிச் சொன்னார்.

"நெஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உடனே இ.சி.ஜி. எடுத்திருப்பேன்மா."

அம்மாவுக்கு அவர் சொன்னதே புரியவில்லை.

"நெஞ்சுலதானே சார் கேஸ் அடிக்கும்?"

நர்ஸ் அழுதுவிட்டாள். போட நினைத்த சண்டையைப் போடாமலே திரும்பி வந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

இப்போது அதே காலேஜில் நான்தான் கிளாஸ் எடுக்கிறேன். மெடிக்கல், நர்சிங், ஃபார்மசி பிள்ளைகள் ஒரே ரூமில். நான் நோயாளியாக உட்கார்ந்து, "கேஸ் அடிச்ச மாதிரி கீதும்மா" என்பேன். சட்டைக்குப் பதில் நனைத்த துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்வேன். முதலில் எல்லா பேட்ச்சும் சிரப்தான் எழுதும். அப்புறம் ஒருத்தி துண்டைத் தொட்டுப் பார்ப்பாள், இன்னொருவன் கையைப் பற்றிக் கேட்பான். ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிடுவார்கள். நோயாளி பிழைத்துவிடுவார். எல்லாரும் கை தட்டுவார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட, "மேடம், கேஸ்னா கேஸ்ட்ரிக்தானே?" என்று கேட்கிறார்கள். அப்பா சொன்ன அர்த்தத்தில் சொல்கிறவர்கள் லைனில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் சீட்டு ஒரு ஜன்னல், மருந்து ஒரு ஜன்னல்தான்.

சாயங்காலம் ஊரிகத்தில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், கிளாஸ் இருந்த நாளென்றால் அம்மா கேட்பார்.

"இன்னிக்கும் பொழைச்சிக்கினாராடி?"

"பொழைச்சிக்கினாரும்மா."

"ம்... கை கால் கழுவிக்கினு வா, சாப்டலாம்."