சுண்ணாம்பு வைத்த பக்கம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கடலூரில் சாலை மரங்களை நட்டுக் காப்பாற்றுகிற வேலை எனக்கு. அதற்கு ஆபீஸில் ஒரு கௌரவமான பெயர் உண்டு. செய்வதென்னவோ வெயிலில் நின்று ஆட்களை விரட்டுவதுதான். முந்தின வருஷத்துப் புயல், மஞ்சக்குப்பத்திலிருந்து திருவந்திபுரம் போகிற சாலையை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. அங்கே மறுபடியும் ஆலமரம் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த மார்கழியில்தான் என் மனைவி சிதம்பரத்தில், தாய்வீட்டில், பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மச்சினன் என்னை ரயிலேற்றிவிட்டான். "சும்மா குந்திக்கினு இருக்காதீங்க மாமா. வேலைக்குப் போங்க" என்றான். போனேன். நான் அழவில்லை. அழவில்லையே என்று கவலைப்படவும் தோன்றவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டேன். வைக்காத அன்றைக்குப் பசித்ததாக ஞாபகம் இல்லை.

ஆலமரத்தைச் சாலையில் விதை போட்டு வளர்க்க மாட்டோம். ஆள் உயரத்துக்கு மேலான கிளையை வெட்டி, அப்படியே குழியில் நட்டுவிடுவோம். போத்து என்று பெயர். தலையில் சாணி அப்பி, சுற்றிலும் முள் கட்டி, விடாமல் தண்ணீர் ஊற்றினால் ஒன்றரை மாதத்தில் துளிர்த்துவிடும். ஒன்றே ஒன்றுதான் முக்கியம். மரத்தில் இருந்தபோது எது நுனியோ அது மேலேயே இருக்க வேண்டும். தலைகீழாக நட்டால் காய்ந்துபோகும். தழை கழித்த போத்தில் இரண்டு முனையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும் என்பதால், வெட்டின இடத்திலேயே நுனியில் சுண்ணாம்பு பூசிவிடுவது வழக்கம். அதை ஆட்களிடம் விடமாட்டார்கள். அது என் வேலை.

தை மாதம் கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஆலமரத்தில் வெட்டினோம். காலையில், வெட்டுகிறவர் என் இடது பக்கம் நின்று கிளைகளைத் தள்ளிவிட்டார். நுனிகள் என் வலது கைப்பக்கம் வந்தன, பூசினேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் கண்ணில் அடிக்கிறதென்று அவர் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டார். கிளைகள் திரும்பி வர ஆரம்பித்தன. நான் வலது கைப்பக்கமே பூசிக்கொண்டிருந்தேன். ஒரு வண்டி முழுக்க, நாற்பது போத்து.

குழி வெட்டுகிற கிழவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார் என்றே சொல்ல வேண்டும். போத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது அடி மாதிரியில்ல இருக்குது?" என்றார்.

"சுண்ணாம்பு வச்ச பக்கம் மேல. பேசாம நடு" என்றேன்.

அவர் பேசாமல் நட்டார். என் சுண்ணாம்பைவிட அவர் கை நம்பத் தகுந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. திரும்பிப் பார்க்கிற சிரத்தை இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாற்பது போத்துக்கும் தண்ணீர் ஊற்ற ஒரு பெண்ணை வைத்திருந்தோம். அவள் புருஷன் ரங்கூனுக்குப் போனவன். யுத்தம் அங்கே போனதிலிருந்து கடிதம் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், அவர்களுக்கு இந்த வேலைதான் சோறு. ஆபீஸ் விதி எளிமையானது. போத்து பிழைத்தால் ஊற்றியவருக்கு அடுத்த வருஷமும் வேலை. பட்டுப்போனால் வேறு ஆள்.

பங்குனியில், காலையில் வெட்டி ஏற்றின வண்டியின் போத்துகள் எல்லாம் துளிர்த்துவிட்டன. இவளுடையதில் ஒரு மொட்டுகூட இல்லை.

"அங்க எல்லாம் துளிர் வுட்டுடுச்சு, இங்க ஒண்ணையும் காணமே ஐயா?" என்று கேட்டாள்.

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு போத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த முனைதான் மெலிந்து இருந்தது. இலை உதிர்ந்த தழும்புகள் எல்லாம் தரையைப் பார்த்து இருந்தன. வண்டி, வெயில், என் வலது கை, எல்லாம் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. போத்தை இருந்தபடியே குழியில் இறக்கி, மண்ணைக் காலால் மிதித்தேன்.

அவள் குடத்தோடு வந்தாள். "ஒரு குடம் ஜாஸ்தியா ஊத்தட்டுங்களா?"

"ஊத்து" என்றேன்.

கத்திரி வெயில் முழுவதும் ஊற்றினாள். விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். விழலாவது முளைக்கும். தினமும் சைக்கிளில் அந்த வழியே போனேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கும்பிடுவாள். நானும் தலையசைப்பேன். நெஞ்சை ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது, செய்யவில்லை.

ஆனியில் மேலதிகாரி வந்து பார்த்தார். நாற்பது காய்ந்த குச்சிகள். "ஏன்யா இந்தப் பக்கம் மட்டும்?" என்றார்.

"தண்ணி பத்தல சார்" என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய்யல்ல. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஏன் கவனம் தப்பியது என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லப்போனால் சிதம்பரத்துக்கு, அந்த வீட்டுக்கு, அந்த அறைக்குப் போயாக வேண்டும். அது என்னால் ஆகாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள்.

"மாசி மாசம் ரெண்டு நாளு காய்ச்சல்ல படுத்துட்டேன் ஐயா. ஊத்த வரல. ஒங்ககிட்ட சொன்னா வேலய வுட்டு எடுத்துடுவீங்கன்னு சொல்லல. அதுலதான் எல்லாம் பட்டுப்போச்சு. என்னால ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சுக்குங்க."

இல்லை, உன்னால் இல்லை என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். கூட வந்திருந்த சின்னப் பெண் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் குரல் எனக்குக் கேட்டது.

"சரி, பரவாயில்ல. போ."

என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.